பள்ளத்தாக்கில் பாட்டுத்துணை தேடுவது எப்படி?

கேள்வி: நார்தம்பர்லாந்தின் மேற்கு ஓரத்தில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் செவிலியராக வேலை பார்க்கிறேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டே ஆங்கில நாட்டார் பாடல்கள் முப்பது வரை பாடக் கற்றிருக்கிறேன். பாடுவதெல்லாம் சமையலறையில், தனியாக. கடைக்குப் போகவே நாற்பது நிமிடம் கார் ஓட்ட வேண்டிய இடம் இது. கூடப் பாட ஆட்களை எப்படித் தேடுவது? தமிழ்ப் பெண்ணான நான் பாடினால் ஏற்றுக்கொள்வார்களா?

பதில்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் வால்டர் பார்டன் நினைவுக்கு வந்தார். இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில், கடலுக்குப் பக்கத்தில் உள்ள நாப்டன் என்ற சிற்றூரில் 1914-இல் பிறந்தவர். தச்சுத் தொழில் செய்தவர். தாய்மாமன் ஒருவர் தமக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்துமஸ் நாட்களில் குடும்பமே கூடிப் பாடிய வீடு அது. ஆனால் பார்டனின் தலைமுறையில் மற்றவர்களுக்கு அந்தப் பாட்டுகளில் நாட்டமில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு இவர் மட்டும் மிஞ்சினார். பாட்டுகளை நோட்டில் எழுதிவைத்தார். மெட்டு மறந்துவிடக் கூடாது என்று மெலோடியனில், அதாவது துருத்தி வைத்த சிறிய கைப்பெட்டியில், திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டார். இப்படியே முப்பது ஆண்டுகள் ஓடின. 1970களின் தொடக்கத்தில் உறவினர் ஒருவரின் தூண்டுதலால் தம் பாட்டை நாடாவில் பதிந்து கொடுத்தார். அந்த நாடா கை மாறி, நாட்டார் பாடல் உலகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. 1975-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவில் பாடப் போனார். 1996-இல் இறக்கும்போது அவர் இங்கிலாந்தின் மிகப் பெரிய மரபுப் பாடகர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. பார்டன் தனியாகப் பாடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அதே நார்ஃபோக்கில் ஹாரி காக்ஸும் சாம் லார்னரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் பண்ணைத் தொழிலாளி, மற்றவர் மீனவர். இருவரும் பாட்டுக் கடல்கள். ஒரே மாவட்டத்து மண்ணில் இருந்தும் பார்டனுக்குத் துணையாக யாரும் வந்து சேரவில்லை. பார்டன் பாடுவார் என்பது வெளியே தெரியாமல் இருந்ததுதான் காரணம்.

உங்கள் பள்ளத்தாக்கிலும் நிலைமை அப்படித்தான் இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாட்டுத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்களை 'ஃபோக் சிங்கர்' என்று சொல்லிக்கொள்வதில்லை. அதனால் 'இங்கே ஃபோக் சிங்கர்கள் யாராவது உண்டா?' என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் மலைப்பக்கத்துக்குக் குடிவந்த முதல் இரண்டு ஆண்டுகள் நானும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தேன். கிடைத்த பதிலெல்லாம் 'அதற்கு நீங்கள் லட்லோ நகரத்துக்குத்தான் போக வேண்டும்' என்பதே. கேள்வியை மாற்றிய பிறகுதான் கதவு திறந்தது. 'உங்கள் தாத்தா வேலை செய்யும்போது ஏதாவது பாடுவாரா?' 'உங்கள் அம்மா துணி தேய்க்கும்போது முணுமுணுத்த பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா?' இப்படிக் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒரு வரி வரும். அடுத்த தடவை பார்க்கும்போது, 'அன்றைக்குக் கேட்டாயே, இரண்டாவது அடி நினைவுக்கு வந்தது' என்பார்கள்.

பாட்டுச் சேகரித்த பெரியவர்கள் செய்ததும் இதுதான். 1903-இல் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் சாமர்செட்டில் ஹாம்பிரிட்ஜ் என்ற ஊரின் பாதிரியார் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டுத் தோட்டக்காரர் புல் வெட்டிக்கொண்டே 'தி சீட்ஸ் ஆஃப் லவ்' என்ற பாட்டைப் பாடினார். தோட்டக்காரரின் பெயரே ஜான் இங்கிலாந்து. ஷார்ப் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அங்கே தொடங்கிய அவருடைய சேகரிப்பு பின்னால் ஏறத்தாழ 5,000 மெட்டுகளாக வளர்ந்தது. பெரிய ஏற்பாடு எதுவும் செய்து அவர் அந்த முதல் பாட்டை அடையவில்லை. புல் வெட்டுகிறவரின் வாயில் இருப்பது பாட்டு என்று அவர் காதுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் இருப்பது இங்கிலாந்திலேயே மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த மாவட்டம். ஆனால் இசைக்கு அது வறண்ட நிலமே இல்லை. நார்தம்பர்லாந்துக்கென்றே தனிக் கருவி இருக்கிறது. நார்தம்பிரியன் ஸ்மால்பைப்ஸ் என்று அதற்குப் பெயர். வாயால் ஊதாமல், முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கிற சின்னப் பைக்குழல். ஜோ ஹட்டன் அந்தக் குழலையும், வில் அட்கின்சன் மவுத் ஆர்கனையும், வில்லி டெய்லர் பிடிலையும் வாசித்து, 'ஷெப்பர்ட்ஸ்' என்ற பெயரில் மூவருமாகப் புகழ்பெற்றது உங்கள் பக்கத்து மலைகளில்தான். மூவருமே ஆடு மேய்த்தவர்கள். மாவட்டத்தின் பாட்டுகளையும் குழல் மெட்டுகளையும் தொகுத்து நியூகாசிலின் தொல்பொருள் கழகம் 1882-இலேயே நூலாக வெளியிட்டிருக்கிறது. அதை இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதில் உங்கள் ஆற்றையும் உங்கள் ஊர்ப் பெயர்களையும் சொல்கிற பாட்டு இரண்டைக் கற்றுக்கொள்ளுங்கள். பொதுவான முப்பது பாட்டு சேர்க்காத ஆளை, அந்த ஆற்றங்கரையைப் பாடுகிற ஒரு பாட்டு சேர்த்துவிடும். ஊர்க்காரர் ஒருவர், 'இதை நாங்கள் இப்படிப் பாட மாட்டோம், கடைசி அடி வேறு' என்று திருத்த வாயைத் திறந்தால் போதும். உங்களுக்கு ஒரு பாட்டுத்துணை கிடைத்துவிட்டது.

லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸில் இருக்கும் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணைய சேகரிப்பும் இதற்குப் பெரிதும் உதவும். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் அங்கே யார், எந்த ஆண்டில், என்ன பாடினார்கள் என்பது கிடைக்கும். கையெழுத்துப் படியையே பார்க்கலாம். பாட்டுகளுக்கு ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் கொடுத்த எண்களும் அங்கே உண்டு. ஒரே பாட்டு பத்துப் பெயரில் உலவினாலும் ரவுட் எண் ஒன்றுதான். 'பார்பரா ஆலன்' என்ற கதைப்பாடலுக்கு எண் 54. புதிதாகச் சந்திக்கும் பாடகர் சொல்லும் பெயர் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். உங்களுக்கும் தெரிந்த பாட்டாகவே இருக்கலாம்.

இனி, நேரில் எங்கே போவது? வசந்தத்தில் மார்பெத் நகரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் போய்வாருங்கள். ஈஸ்டருக்கு அடுத்த வார இறுதியில் அங்கே 'நார்தம்பிரியன் கேதரிங்' நடக்கிறது. 1968-இல் தொடங்கிய கூடல் இது. குழல், பிடில், பாட்டு, வட்டார வழக்கில் கதை சொல்லுதல் என்று போட்டிகள் உண்டு. பரிசு வாங்கப் போகாதீர்கள். பாட்டுப் போட்டி நடக்கும் அறையில் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் நடுவரிடமோ பாடியவரிடமோ, 'நான் இன்ன பள்ளத்தாக்கில் இருக்கிறேன், எங்கள் பக்கத்தில் யாரைப் பார்க்கலாம்?' என்று கேளுங்கள். நாட்டார் இசைக்காரர்களுக்கு ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும். இரண்டு பெயராவது சொல்வார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்களைவிடத் தொலைவான மூலையில், உங்களைப் போலவே துணைக்கு ஏங்கிக்கொண்டிருப்பார்.

இலையுதிர் காலத்தில் ஆல்வின்டன் ஊரில் எல்லைப்புறத்து இடையர்களின் கண்காட்சி நடக்கும். அக்டோபரில், அந்தப் பருவத்தின் கடைசிக் கண்காட்சி. ஆடுகள், வளைகோல்கள், மலையோட்டம் என்று பகல் முழுக்கக் கூட்டம் இருக்கும். மாலையில் அங்கிருப்பவர்களோடு பேச்சுக் கொடுங்கள். இவை தவிர, தேவாலயப் பாடகர் குழு, மணி அடிப்போர் குழு, பெண்கள் சங்கமான விமன்ஸ் இன்ஸ்டிட்யூட், வாள் பிடித்து ஆடும் ராப்பர் ஆட்டக் குழு எல்லாமே பாட்டுக்காரர்கள் ஒளிந்திருக்கும் இடங்கள்தான். ஊர் ஊராய்ப் போகும் தபால்காரரையும் கால்நடை மருத்துவரையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கொட்டகையிலிருந்து பாட்டுச் சத்தம் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பணி நேரத்தில் நோயாளிகளிடம் பாட்டுத் தேடாதீர்கள். அவர்கள் உங்களுக்கு இல்லை என்று சொல்லத் தயங்குகிற நிலையில் இருப்பவர்கள். அதற்குப் பதிலாக, பக்கத்து முதியோர் இல்லத்துக்கு விடுமுறை நாளில் மாதம் ஒரு முறை பாடப் போகலாமா என்று முறைப்படி கேளுங்கள். பெயர் மறந்தவர்கள்கூடப் பல்லவியை மறப்பதில்லை என்பதை நீங்கள் உங்கள் வேலையிலேயே பார்த்திருப்பீர்கள்.

பப்களில் நடக்கும் 'செஷன்' என்பது வேறு, 'சிங்கரவுண்ட்' என்பது வேறு. இது தெரியாமல் முதல் நாளே மனம் நொந்து திரும்பியவர்கள் பலர். செஷனில் பிடில், குழல், மெலோடியன் வைத்திருப்பவர்கள் மெட்டுகளை மளமளவென்று வாசித்துக்கொண்டே போவார்கள். அங்கே பாட்டுக்கு இடம் குறைவு. வாசிப்பவர்கள் கை ஓய்ந்து குவளையைத் தொடும் நேரம் பார்த்து, 'ஒரு பாட்டுப் பாடலாமா?' என்று கேட்டுப் பாடினால் மகிழ்ச்சியாகக் கேட்பார்கள். ஓர் இரவுக்கு ஒரு பாட்டு, அதிகம் போனால் இரண்டு. சிங்கரவுண்ட் என்பது பாடுகிறவர்களுக்கென்றே உள்ளது. வட்டமாக உட்கார்வார்கள். முறை சுற்றிவரும். உங்கள் முறை வந்தால் பாடலாம், வேண்டாம் என்றால் அடுத்தவருக்குத் தள்ளலாம், தெரிந்த பாட்டைப் பாடும்படி வேறொருவரைக் கேட்கவும் செய்யலாம். பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது. வெறும் குரல்தான். ஒருவர் எடுத்துக்கொடுக்க, பல்லவியைக் கூட்டம் வாங்கிப் பாடும். மார்கழி பஜனையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அருகில் சிங்கரவுண்ட் இல்லை என்றால், நீங்களே ஒன்றைத் தொடங்க வேண்டியதுதான். பயப்பட வேண்டாம். நான் தொடங்கும்போது என்னோடு சேர்த்து மூன்று பேர். இடம், எங்கள் வீட்டுச் சமையலறை. முதல் குளிர்காலத்தில் இரண்டு தடவை நானும் இன்னொருவரும் மட்டுமே இருந்தோம். மாறி மாறிப் பாடினோம். அந்த இரண்டு இரவுகளை ரத்து செய்யாமல் விட்டதால்தான் அந்தக் கூட்டம் இன்றும் நடக்கிறது என்பேன். 'இந்த மாதம் உண்டா, இல்லையா?' என்று யாரும் விசாரிக்க வேண்டிய நிலை வரக் கூடாது. மாதத்தின் முதல் செவ்வாய் என்றால், பனி கொட்டினாலும் முதல் செவ்வாய்தான்.

வாரா வாரம் வைக்காதீர்கள். முப்பது மைல் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மாதம் ஒன்றே போதும். எந்த மாதத்தில் தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். ஏப்ரலில் மலைப்பகுதியில் ஆடுகள் குட்டி போடும் காலம். விவசாயி ஒருவர்கூடக் கொட்டகையை விட்டு நகர மாட்டார். ஜூலையில் வைக்கோல் வேலை. அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ தொடங்கினால், இருட்டு சீக்கிரம் வந்துவிடும், வேலை குறையும், மனிதர்கள் மனிதர்களைத் தேடுவார்கள். தெருவிளக்கே இல்லாத இடம் உங்களுடையது. உலகத்தார் வந்து விண்மீன் பார்க்கும் இருள் வானப் பூங்காவாக 2013-இல் அறிவிக்கப்பட்ட பகுதி. அதனால் பௌர்ணமியை ஒட்டிய வாரத்தில் வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை. பதினெட்டாம் நூற்றாண்டில் பர்மிங்காமில் கூடிய அறிஞர் குழு ஒன்று வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே முழுநிலவை ஒட்டிக் கூடியது. அவர்கள் பெயரே நிலவுக் கழகம்.

வேறொரு வழியும் இருக்கிறது. முதல் கூட்டத்தைக் கிறிஸ்துமஸ் கேரல்களில் தொடங்கலாம். ஷெஃபீல்டுக்கு வடமேற்கே உள்ள சிற்றூர்களில் நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஞாயிறு பகலில் பப் நிரம்பி வழியும். வந்தவர்கள் எல்லாரும் கேரல் பாடுவார்கள். தேவாலயங்களில் வழக்கொழிந்த பழைய மெட்டுகள் அந்த பப்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இடையர்கள் இரவில் மந்தையைக் காத்ததைச் சொல்லும் புகழ்பெற்ற கேரலின் சொற்கள் 1700-இல் அச்சானவை. அதை அந்த ஊர்களில் ஒன்றல்ல, பல மெட்டுகளில் பாடுகிறார்கள். 'எனக்குப் பாட வராது' என்று சாதிக்கிறவருக்கும் கேரல் ஒன்று தெரிந்திருக்கும். டிசம்பரில் வாய் திறந்தவர் ஜனவரியில் வேறு பாட்டோடு வருவார்.

இடத்துக்குச் சமையலறையே போதும். ஆனால் அறிமுகமில்லாதவர்கள் ஒருவர் வீட்டுக்குள் வரக் கூச்சப்படுவார்கள். ஆகவே பப்பின் பின்னறை நல்லது. கதவு சாத்த முடிகிற, தொலைக்காட்சி இல்லாத சின்ன அறையாகப் பாருங்கள். திங்கள், செவ்வாய்களில் வியாபாரம் மந்தமாக இருப்பதால் கடைக்காரர் மறுக்க மாட்டார். உரிமம் வேண்டுமே என்று அவர் தயங்கினால், 2012-இல் வந்த லைவ் மியூசிக் சட்டத்தைச் சொல்லுங்கள். ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்கு, காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனி உரிமம் தேவையில்லை. நீங்கள் மது அருந்தாதவராக இருக்கலாம். அதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது வாங்க வேண்டும், சாப்பாடோ எலுமிச்சை சோடாவோ. கடைக்காரருக்குக் கட்டுப்படியானால்தான் அறை நமக்கு நிலைக்கும்.

தபால் நிலையத்திலும் கிராம மண்டபத்திலும் சின்னத் தாள் ஒட்டுங்கள். அதில் 'ஃபோக்' என்ற சொல் வேண்டாம் என்பது என் அனுபவம். அந்தச் சொல்லைக் கண்டதும், இது தாடி வைத்தவர்களுக்கு, கிட்டார் தெரிந்தவர்களுக்கு என்று ஊர்க்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். 'பாட்டு இரவு. பாடலாம், கேட்கலாம். பழைய பாட்டு தெரிந்தவர்கள் அவசியம் வாருங்கள்' என்ற அளவில் இருக்கட்டும்.

கேட்க மட்டும் வருகிறவர்களைப் பாடச் சொல்லி நெருக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற பண்ணைத் தொழிலாளி ஒருவர் ஐந்து மாதம் வந்தார். நாய் மேசைக்கு அடியில் படுத்திருக்கும், இவர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். முறை வரும்போதெல்லாம் தலையை அசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடுவார். மார்ச் மாதத்து இரவு ஒன்றில், முறையே வராதபோது, 'எங்கள் அம்மாவிடம் ஒன்று இருந்தது' என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆறு சரணங்கள் பாடினார். உழவன் மகளைக் கப்பல்காரன் விட்டுப் போன கதை. அம்மா இறந்த பிறகு அதை அவர் வாய்விட்டுப் பாடியதே இல்லையாம். பாடி முடித்ததும் அறையில் யாரும் கை தட்டவில்லை, தட்ட முடியவில்லை. அவரை ஒரே ஒரு தடவை வற்புறுத்தியிருந்தாலும் அந்தப் பாட்டை நாங்கள் இழந்திருப்போம். எங்கள் ஷ்ராப்ஷயரின் ஃப்ரெட் ஜோர்டனும் பண்ணைத் தொழிலாளிதான். 1952-இல் பிபிசிக்காக ஒலிப்பதிவு செய்ய வந்தவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். பிறகு நாடு முழுவதும் மேடைகளில் வேலைக்காரப் பூட்ஸோடும் தொப்பியோடும் நின்று பாடினார். இந்தப் பாட்டுகள் இப்படிப்பட்ட மனிதர்களிடம்தான் பத்திரமாக இருந்திருக்கின்றன. அவர்களுக்கான நாற்காலி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அவசரமும் கூடாது.

எதைப் பாடுவது? உங்கள் முப்பதிலிருந்து நல்ல பல்லவியுள்ள பாட்டாக மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மனப்பாடமாக இருக்க வேண்டும். கைபேசியைப் பார்த்துப் பாடினால் முகம் கீழே போய்விடும், கூட்டம் உங்களிடமிருந்து பிரிந்துவிடும். சமையலறையில் எடுக்கும் சுருதியைவிடக் கொஞ்சம் இறக்கி எடுங்கள். பதற்றத்தில் குரல் தானாக ஏறும். நீங்கள் உயரத்தில் எடுத்தால் பல்லவியில் ஆண்கள் சேர முடியாமல் மௌனமாகிவிடுவார்கள். இருபது சரணம் கொண்ட நீண்ட கதைப்பாடல்களை, அவை எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்றாவது நான்காவது கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் தனியாகப் பாடும்போது பல்லவிக்கு மட்டும் சேருங்கள், சரணங்களில் சேராதீர்கள். அவருடைய வேகம்தான் வேகம். உங்களுக்குத் தெரிந்த வடிவம் வேறாக இருந்தால், அவர் முடித்த பிறகு, 'எனக்கு வேறு மாதிரி தெரியும்' என்று சொல்லலாம். 'நீங்கள் பாடியது தவறு' என்ற சொல் இந்த அறைகளில் கிடையாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்களை உண்மையில் தடுத்துவைத்திருப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

ஏற்றுக்கொள்வார்களா? என் அனுபவத்தில், ஏற்றுக்கொள்வார்கள். முதல் பாட்டுக்கு முன் ஒரு வியப்பு அறையில் இருக்கும். அதை நீங்கள் உணர்வீர்கள். எங்கிருந்து கற்றீர்கள் என்று கேட்பார்கள். சில நேரம் அந்தக் கேள்வி குத்தும். எனக்கும் குத்தியிருக்கிறது. ஒரு பப்பில், நான் பாடி முடித்ததும், 'உங்கள் நாட்டுப் பாட்டு ஏதாவது பாடுங்களேன்' என்றார் ஒருவர். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் இந்தப் பாட்டு உன்னுடையதில்லை என்று சொன்னதுபோல இருந்தது. அன்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டால், 'பாடுகிறேன், ஆனால் அதற்கு முன் உங்கள் ஊர்ப் பாட்டு இன்னொன்றையும் கேளுங்கள்' என்பேன். இரண்டையும் பாடுவேன்.

இந்தப் பாட்டுகள் ஒருபோதும் ஓர் ஊருக்குள், ஓர் இனத்துக்குள் அடைந்து கிடந்தவை அல்ல. 'பார்பரா ஆலன்' என்றால் இன்று எல்லாரும் ஆங்கிலப் பாட்டு என்கிறார்கள். 1666 ஜனவரி 2 அன்று சாமுவேல் பெப்பீஸ் என்ற லண்டன் அரசு அதிகாரி தம் நாட்குறிப்பில் அதை ஸ்காட்லாந்துப் பாட்டு என்று எழுதினார், லண்டனில் ஒரு நடிகை பாடக் கேட்டுவிட்டு. அதே பாட்டை 1916-க்கும் 1918-க்கும் இடையே ஷார்ப், அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைக் குடிசைகளில் கேட்டு எழுதினார். கப்பல்காரர்கள், சிப்பாய்கள், அறுவடைக்கு வந்த அயர்லாந்துக் கூலிகள், ஊர் ஊராய்ப் போகும் ஜிப்ஸிகள் என்று நடந்து வந்தவர்கள் சுமந்து வந்த பாட்டுகள் இவை. வேலைக்காக ஊர்விட்டு வந்த செவிலியர் பாடுவது இந்த மரபுக்குப் புதிதல்ல.

உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நார்தம்பர்லாந்து வழக்கைப் போலி செய்ய முயலாதீர்கள். நீங்கள் பேசும் ஆங்கிலத்திலேயே பாடுங்கள். சொற்கள் தெளிவாக விழுந்தால் போதும், கதை நடக்கும். மெட்டைப் பொறுத்தவரை உங்கள் காது உங்களுக்கு நல்ல முதலீடு. இந்தப் பழைய மெட்டுகளில் பல மேற்கத்திய மேஜர், மைனர் சட்டத்துக்குள் அடங்காதவை. டோரியன் என்று அவர்கள் சொல்லும் சுரவரிசை நம் கரகரப்ரியா. மிக்ஸோலிடியன் என்பது ஹரிகாம்போதி. பியானோ பழகிய ஆங்கிலேயர் தடுமாறும் அந்தத் தாழ்ந்த நிஷாதம் உங்களுக்கு வீட்டுச் சொத்து. கமகத்தை மட்டும் அடக்கி வாசியுங்கள். இங்கேயும் குரலை வளைப்பவர்கள் உண்டு, ஆனால் சொல்லுக்கு இடையே ஒரு சின்னத் திருப்பம், அவ்வளவுதான்.

இணையத்தில் பாடலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். பனியில் சாலை மூடும் மாதங்களில் அது உதவும். ஆனால் சேர்ந்து பாட முடியாது. காற்றில் ஒலி பத்து மீட்டர் கடக்க ஏறத்தாழ நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகும். அதற்கு மேல் தாமதமானாலே தாளம் இழுக்கத் தொடங்கும். ஜூம் போன்ற அழைப்புகளில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஒருவர் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் பல்லவி சேர்ந்துகொள்வதுதான் வழக்கம். புதுப் பாட்டு கற்க, தொலைவில் இருக்கும் பாடகர்களை அறிய அது போதும். ஒரே அறையில் நாலு குரல் சேர்ந்து சுவர் அதிர்வதற்கு அது ஈடாகாது.

முதல் இரவுக்கு ஒருவர் மட்டுமே வந்தால் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். அதுதான் நடக்க அதிக வாய்ப்பு. நாற்காலிகளைக் கிட்டத்தில் இழுத்துப் போடுங்கள். நீங்கள் ஒன்று பாடுங்கள், அவர் ஒன்று பாடட்டும். அவருக்குப் பாட்டு வராது என்றால் உங்கள் பாட்டில் ஒன்றின் பல்லவியை அவருக்குச் சொல்லிக்கொடுத்து, இருவருமாக மூன்று தடவை பாடுங்கள். அவர் பக்கத்து ஊரில் யாருக்குப் பாட்டு தெரியும் என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு காருக்குப் போவதற்கு முன், அடுத்த மாதத் தேதியை அவர் காதில் போட்டுவிடுங்கள்.